வாசகர் கேள்வி – பதில்: இரண்டாம் ஆண்டு பயிற்சியாளரும் மார்ச் மாதக் கணக்கும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து சீசன் பிப்ரவரிக்குள் நுழைந்ததும் கேள்விகள் குவிந்துவிடும். பிள்ளைகள் அங்கே படிக்கும் பெற்றோரும், பழைய மாணவர்களும், டிவியில் பார்த்துப் பழகிய ரசிகர்களும் அனுப்பியவற்றில் சிலவற்றுக்கு இந்த முறை பதில்.

கேள்வி: மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணி, புதுப் பயிற்சியாளரின் முதல் ஆண்டில் 13 வெற்றி, 18 தோல்வி. இரண்டாம் ஆண்டான இப்போது 18 வெற்றி, 8 தோல்வி. அணிகளைத் தேர்வு செய்யப் பயன்படும் 'நெட்' தரவரிசையில் 52ஆம் இடம். மீதி 5 ஆட்டங்கள்: வெளியூரில் 38, 73ஆம் இடத்து அணிகளோடு, சொந்த அரங்கில் 34, 72, 140ஆம் இடத்து அணிகளோடு. கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. மார்ச்சில் நடத்தும் தேசியப் போட்டிக்குப் போகுமா?

பதில்: இன்று தேர்வு நடந்தால் போகாது. ஆனால் வாசல் திறந்துதான் இருக்கிறது.

18 வெற்றி என்ற மொத்தத்தை ஒதுக்கிவிட்டு, அவை எங்கே, யாரை எதிர்த்து வந்தவை என்று பிரித்துப் பாருங்கள். தேர்வுக்குழு உறுப்பினர்கள் 12 பேர். ஒவ்வொரு அணிக்கும் அவர்கள் முன் இருக்கும் தாளில் ஆட்டங்கள் நான்கு 'குவாட்'களாகப் பிரிந்திருக்கும். எதிரணியின் நெட் இடத்தையும் ஆட்டம் நடந்த அரங்கையும் சேர்த்துத்தான் பிரிப்பார்கள். சொந்த அரங்கில் 1–30, பொது அரங்கில் (இரு அணிக்கும் சொந்தமில்லாதது) 1–50, எதிரணி அரங்கில் 1–75 என்றால் குவாட் 1. சொந்த அரங்கில் 31–75, பொதுவில் 51–100, வெளியூரில் 76–135 என்றால் குவாட் 2. குவாட் 3 என்பது சொந்த அரங்கில் 160, பொதுவில் 200, வெளியூரில் 240ஆம் இடம் வரை. அதற்கும் கீழே எல்லாம் குவாட் 4.

நீங்கள் அனுப்பிய பட்டியலை இப்படிப் பிரித்தால் குவாட் 1ல் 1–5 (ஒரு வெற்றி, ஐந்து தோல்வி), குவாட் 2ல் 3–3, குவாட் 3ல் 5–0, குவாட் 4ல் 9–0 என்று வருகிறது. கீழ்மட்ட அணிகளிடம் ஒரு தோல்விகூட இல்லை, அது பெரிய பலம். மேல்மட்டத்தில் ஒரே ஒரு வெற்றிதான், அது பெரிய ஓட்டை.

மீதி ஐந்தில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 34ஆம் இடத்து அணியை வீட்டில் வென்றால் அது குவாட் 2. 73ஆம் இடத்து அணியை அதன் அரங்கில் வென்றால் குவாட் 1. டிக்கெட் பறப்பது முதல் ஆட்டத்துக்கு. தாளில் மேலே ஏறுவது இரண்டாவது. அதிலும் ஒரு கண்டம் இருக்கிறது. இந்தப் பிரிவுகள் ஆட்டம் நடந்த அன்றோடு உறைந்துவிடுவதில்லை, தரவரிசை நகர நகர அவையும் நகரும். அந்த 73ஆம் இடத்து அணி பிறகு தோற்று 76க்கு இறங்கினால் உங்கள் வெற்றியும் குவாட் 2க்கு இறங்கும். 34ஆம் இடத்து அணி 30க்கு ஏறினால் எதிர்மாறாக நடக்கும். ஆகவே நீங்கள் வென்ற அணிகள் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது நியாயமான ரசிகர் வேலைதான்.

எங்கள் கணிப்பு: வீட்டு ஆட்டங்கள் மூன்றையும், வெளியூரில் ஒன்றையும் வென்றால் 22–9. அது தேர்வாகுமா ஆகாதா என்ற கோட்டின் மேல் சரியாக நிற்கும் அணி. கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) போட்டியில் இன்னும் ஒரு வெற்றியாவது தேவைப்படும். வெளியூர் ஆட்டம் இரண்டையும் வென்றால் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டிலும் தோற்றால் 21–10, குவாட் 1ல் 1–7, அப்போது அங்கே இடம் கிடைக்காத அணிகளுக்கான என்.ஐ.டி. போட்டியைத்தான் எதிர்பார்க்க வேண்டும். 140ஆம் இடத்து அணியிடம் வீட்டில் தோற்றால் சுத்தமான தாளில் முதல் கறை விழும். அதை அழிக்க ஆட்டங்கள் மிச்சமில்லை.

கேள்வி: 1–5, 1–7 என்பதெல்லாம் அவ்வளவு முக்கியமா? 2025ல் நார்த் கரோலினா குவாட் 1ல் 1–12 வைத்துக்கொண்டு உள்ளே போனதே?

பதில்: போனது உண்மை. அன்று குவாட் 1ல் 6 வெற்றி வைத்திருந்த வெஸ்ட் வர்ஜீனியா வெளியே நின்றதும் உண்மை. குவாட் பட்டியல் மட்டுமே முடிவு செய்வதில்லை.

2024–25 சீசனிலிருந்து அந்தத் தாளில் 'வின்ஸ் அபவ் பபிள்' என்ற எண் சேர்ந்திருக்கிறது. கோட்டின் மேல் நிற்கும் சராசரி அணி ஒன்று, உங்கள் அணியின் அட்டவணையை அப்படியே ஆடினால் எத்தனை வெல்லும், உங்கள் அணி அதைவிட எத்தனை கூடுதலாக வென்றது என்பதே கணக்கு. ஓர் ஆட்டத்தை அந்தச் சராசரி அணி பத்துக்கு மூன்று முறை வெல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அணி வென்றால் 0.7 கூடும், தோற்றால் 0.3 மட்டும் குறையும். பத்துக்கு ஒன்பதரை முறை வெல்லக்கூடிய எளிய ஆட்டத்தில் வெற்றி தருவது 0.05, தோல்வி பறிப்பது 0.95. கடினமான அட்டவணைக்கு நியாயம் செய்யும் எண் இது. பூஜ்யத்துக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் அணியின் நிலை ஒரே பார்வையில் புரியும்.

கேள்வி: "இரண்டாம் ஆண்டில் அணி துள்ளி எழும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையிலேயே அப்படி ஒரு விதி உண்டா?

பதில்: விதி கிடையாது. நல்ல உதாரணங்கள் உண்டு, அதே அளவு கசப்பான உதாரணங்களும் உண்டு.

அலபாமாவில் நேட் ஓட்ஸ் முதல் ஆண்டு (2019–20) 16–15; இரண்டாம் ஆண்டு 26–7, எஸ்.இ.சி. என்ற தன் கான்ஃபரன்ஸின் சீசன் பட்டம், போட்டிப் பட்டம் இரண்டும். மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் ஷாகா ஸ்மார்ட் 19–13லிருந்து 29–7க்குப் போய் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸின் இரண்டு பட்டங்களையும் வாங்கினார். ஃப்ளோரிடாவில் டாட் கோல்டன் 16–17லிருந்து 24–12.

மறுபக்கம் பாருங்கள். கான்சஸ் ஸ்டேட்டில் ஜெரோம் டாங் முதல் ஆண்டிலேயே 26 வெற்றியோடு கடைசி எட்டு வரை போனார். மார்க்வீஸ் நோவெலும் கியாண்டே ஜான்சனும் கிளம்பிய பிறகு, இரண்டாம் ஆண்டில் 19–15, என்.ஐ.டி. மிசூரியில் டென்னிஸ் கேட்ஸ் 25–10லிருந்து 8–24க்கு இறங்கினார், எஸ்.இ.சி. ஆட்டங்களில் 0–18. பயிற்சியாளர் அதே ஆள், மைதானத்தில் நின்றவர்கள்தான் வேறு.

எனவே காலண்டரைப் பார்க்காதீர்கள், ஆட்கள் எத்தனை பேர் தங்கினார்கள் என்று பாருங்கள். போன ஆண்டு ஆடிய மொத்த நிமிடங்களில் எத்தனை சதவீதத்தை இந்த ஆண்டும் இருக்கும் வீரர்கள் ஆடினார்கள்? முக்கியமாகப் பந்தைக் கொண்டுவரும் பாயிண்ட் கார்டு அதே ஆளா? மார்க்கெட்டின் அந்த 29 வெற்றி, டைலர் கோலெக்கும் உடன் ஆடியவர்களும் இரண்டாம் முறை ஒன்றாக ஆடியதால் வந்தது.

தங்கியவர்களால் முதலில் தேறுவது தடுப்பாட்டம். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி கொடுக்கலாம், ஒரு நாள் கட்டாய ஓய்வு. முதல் ஆண்டில் அந்த நேரம் முழுதும் அடிப்படைக்கே செலவாகும்: எதிரணியின் உயரமான வீரர் திரை போட்டால் நம் சென்டர் கூடைப் பக்கம் பின்வாங்குவதா, வெளியே பாய்ந்து பந்துக்காரரை மறிப்பதா, ஆளை மாற்றிக்கொள்வதா என்று. முதலில் ஒருவர் உதவிக்கு வருவார்; உதவிக்குப் போனவர் விட்ட ஆளை அடுத்தவர் பிடிப்பார்; மூன்றாவது நகர்வில் ஒருவர் அரை நொடி தயங்குவார். மூலையில் ஒரு மூன்று பாயிண்ட் விழும். இரண்டாம் ஆண்டில் அந்தத் தயக்கம் போய்விட வேண்டும். போகவில்லை என்றால் ஆட்கள் புதியவர்கள், அல்லது கற்பிக்கும் முறையில் கோளாறு.

கேள்வி: முன்னேற்றம் நிஜமா, அதிர்ஷ்டமா என்று ஸ்கோர் தாளை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஒரு பென்சில் போதும்.

முதலில் பந்து எத்தனை முறை கைக்கு வந்தது என்று கணக்கிடுங்கள். ஷாட் முயற்சிகளிலிருந்து, விழாத நம் ஷாட்டுகளை எதிரணிக் கூடையின் கீழ் நாமே பிடித்த ரீபவுண்டுகளைக் கழித்து, டர்ன்ஓவர்களை (ஷாட் எடுக்காமலே பந்தைப் பறிகொடுத்தவை) கூட்டி, ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.475ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். 58 ஷாட், 10 ரீபவுண்ட், 12 டர்ன்ஓவர், 18 ஃப்ரீ த்ரோ என்றால் 58 – 10 + 12 + 8.55 = ஏறத்தாழ 68.5. அந்த ஆட்டத்தில் 72 பாயிண்ட் எடுத்திருந்தால் நூறு வாய்ப்புக்கு 105. எதிரணிக்கும் இதையே செய்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் குறித்து வாருங்கள். வேகமாக ஆடும் அணி 80 பாயிண்ட் விட்டுக்கொடுத்தால் தடுப்பு மோசம் என்று நினைக்கும் தவறு இதனால் தீரும்.

அடுத்து நான்கு விஷயங்கள், கூடைப்பந்துப் புள்ளியியல் நிபுணர் டீன் ஆலிவர் வகுத்தவை: ஷாட் தரம், டர்ன்ஓவர், ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகும் வழக்கம். ஷாட் தரத்துக்கு, விழுந்த ஷாட்டுகளோடு விழுந்த மூன்று பாயிண்ட் ஷாட்டுகளில் பாதியைக் கூட்டி முயற்சிகளால் வகுக்கவும். 58ல் 25 விழுந்து அதில் 9 மூன்று பாயிண்ட் என்றால் 29.5 / 58, அதாவது 50.9 சதவீதம்.

இனி அதிர்ஷ்டம் ஒளிந்திருக்கும் இடங்கள். எதிரணி மூன்று பாயிண்ட் ஷாட்டுகளை 28 சதவீதம்தான் போடுகிறது என்று பெருமைப்படாதீர்கள். அது பெரும்பாலும் நம் கையில் இல்லை, சில வாரங்களில் சராசரிக்குத் திரும்பிவிடும். எதிரணியை எத்தனை மூன்று பாயிண்ட் ஷாட் எடுக்க விடுகிறோம் என்ற எண்ணிக்கைதான் நம் தடுப்பைக் காட்டும். அதேபோல் 5 பாயிண்டுக்குள் முடிந்த ஆட்டங்களில் 7–1 என்று இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். அந்த விகிதம் நீடிப்பது அரிது. முதல் ஆண்டில் நெருக்கமான ஆட்டங்களில் 2–8, இரண்டாம் ஆண்டில் 7–1 என்றால், "முன்னேற்றம்" என்று தெரிவதில் கணிசமான பங்கு நாணயம் விழுந்த பக்கம்தான். நூறு வாய்ப்புக்கான வித்தியாசமும் கூடவே உயர்ந்திருந்தால் நம்பலாம்.

கேள்வி: கடைசி பத்து ஆட்டங்களை நன்றாக ஆடினால் குழு கூடுதல் மதிப்புக் கொடுக்குமா?

பதில்: அதற்குத் தனி அளவுகோல் கிடையாது. நவம்பர் ஆட்டமும் மார்ச் ஆட்டமும் ஒரே எடைதான். டிசம்பரில் மட்டமான அணிகளாகப் பார்த்து அட்டவணை போட்ட பயிற்சியாளர் பிப்ரவரியில் தவிப்பது இதனால்தான். ஆனால் முக்கிய வீரர் காயத்தால் ஆடாத ஆட்டங்களைக் குழு கவனத்தில் எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: கான்ஃபரன்ஸ் போட்டியில் கோப்பை வாங்கிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமே?

பதில்: வேண்டாம்தான். 2025ல் 68 இடங்களில் 31 கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடியாகப் போயின, மீதி 37ஐத்தான் குழு கொடுத்தது. 2024ல் என்.சி. ஸ்டேட் சீசனை 17–14 என்று முடித்து, தன் கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யின் போட்டியில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்று, அங்கிருந்து இறுதி நான்கு வரை போனது.

ஆனால் இப்படி ஒரு அணி மேலே வந்தால் கோட்டின் மேல் நிற்கும் வேறொரு அணி கீழே விழும். அந்த ஆண்டே இண்டியானா ஸ்டேட் 28 வெற்றி, நெட் 30க்குள் இடம் வைத்திருந்தும், தன் கான்ஃபரன்ஸ் இறுதியில் டிரேக்கிடம் தோற்று வெளியே நின்றது. நடுத்தர கான்ஃபரன்ஸ் அணிகளுக்குக் குவாட் 1 ஆட்டம் கிடைப்பதே அபூர்வம் என்பதால் அடி அவர்களுக்குத்தான் முதலில் விழும். எனவே கடைசி வாரத்தில், மற்ற கான்ஃபரன்ஸ்களில் சீசன் முழுதும் உயரத்தில் இருந்த அணிகள் கோப்பை வாங்குகின்றனவா என்றும் பாருங்கள்.

'பை' எனப்படும் முதல் சுற்று விலக்கையும் மறக்க வேண்டாம். எட்டு பேர் மட்டுமே சுழன்று ஆடும் அணிக்கு நான்காம் நாள் கால் கனக்கும். ஷாட் குட்டையாக விழத் தொடங்கும். ஒரு சுற்று குறைந்தாலே லாபம்.

கேள்வி: என்.ஐ.டி. அழைப்பு வந்தால் போவது மதிப்பா? பல அணிகள் மறுக்கின்றனவே.

பதில்: இரண்டாம் ஆண்டு அணி என்றால் போகவேண்டும் என்பதே எங்கள் கருத்து. 1938ல் தொடங்கிய போட்டி, 32 அணிகள், ஆரம்பச் சுற்றுகள் கல்லூரி அரங்குகளிலேயே. தோற்றால் வெளியே என்ற ஆட்டமும் கூடுதல் பயிற்சி நாட்களும் இளம் வீரர்களுக்குக் கிடைக்கும். ஹூஸ்டனில் கெல்வின் சாம்ப்சன் முதல் ஆண்டு 13–19, இரண்டாம் ஆண்டு 22–10, என்.ஐ.டி.; மூன்றாம் ஆண்டும் என்.ஐ.டி.தான். நான்காம் ஆண்டில்தான் என்.சி.ஏ.ஏ. போட்டி. 2025ல் அதே ஹூஸ்டன் இறுதி ஆட்டம் வரை வந்தது. மறுக்கும் அணிகளுக்கும் காரணம் இருக்கிறது: கல்லூரி மாற விரும்புவோர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் வீரர்கள் பெயர் கொடுத்துவிட்டால் ஆட ஆளிருக்காது.

கேள்வி: இரண்டாம் ஆண்டில் முதல் சுற்றிலேயே தோற்றால் பயிற்சியாளர் மீது நம்பிக்கை இழக்கலாமா?

பதில்: ஒரே ஆட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். கோல்டனின் ஃப்ளோரிடா 2024ல் எஸ்.இ.சி. இறுதியில் சென்டர் மைக்கா ஹேண்ட்லாக்டனைக் கால் முறிவால் இழந்து, அடுத்த வாரம் முதல் சுற்றில் கொலராடோவிடம் 102–100 என்று தோற்றது. அடுத்த ஆண்டு அதே பயிற்சியாளர் 36–4 என்ற கணக்கோடு, இறுதியில் ஹூஸ்டனை 65–63ல் வென்று தேசியப் பட்டம் வாங்கினார். தோல்விக்குப் பிறகு பார்க்க வேண்டியது: முன்னணி கார்டு தங்குகிறாரா? ஃப்ளோரிடாவில் வால்டர் கிளேட்டன் ஜூனியர் தங்கினார், இறுதிச் சுற்றின் சிறந்த வீரரும் ஆனார். காலியான இடத்துக்கு ஏப்ரலிலேயே அனுபவமுள்ள ஆள் வந்துவிட்டாரா? 2024 முதல் மாணவர்கள் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே ஆடலாம் என்பதால், உங்கள் அணியின் மூன்றாம் ஆண்டு மார்ச் முடிந்த சில வாரங்களில் தீர்மானமாகிவிடும். அந்த வாரங்களின் பெயர்ப் பட்டியலை அனுப்புங்கள், அடுத்த சீசனுக்கான கணிப்பை அதை வைத்துச் சொல்கிறோம்.