தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஏன் 234 இடங்கள்? வாங்கும் ஓட்டுக்கு ஏற்றபடி கட்சிகளுக்கு இடம் கிடைக்கிறதா?

முதல் கேள்விக்கு விடை, அந்த எண்ணை 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு பூட்டி வைத்ததில் இருக்கிறது. இரண்டாவதற்கு: இல்லை.

ஒரு மாநிலப் பேரவையில் 60-க்குக் குறையாமலும் 500-ஐத் தாண்டாமலும் இடங்கள் இருக்கலாம் என்பது அரசியல் சட்டத்தின் பொது விதி. 1962-இல் 206 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது; 1967-இல் அது 234 ஆனது. 1976-இல் வந்த 42-ஆவது திருத்தம், இடங்களின் எண்ணிக்கைக்கு இனி 1971 மக்கள்தொகைக் கணக்கே கணக்கு என்று பூட்டுப் போட்டது. 2001-இல் 84-ஆவது திருத்தம் அந்தப் பூட்டை, 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது.

எண்ணிக்கையைத் தொடாமல் எல்லைகளை மட்டும் மாற்றலாம். 2001 கணக்கெடுப்பை வைத்து அப்படி மாற்றியதுதான் 2008 மறுவரையறை. மறுவரையறை ஆணையம் போட்ட எல்லைக்கோட்டை எதிர்த்து வழக்குப் போடுவதும் எளிதல்ல. ஆனால் கோடு நின்ற இடத்திலேயே நிற்க, மக்கள் நகர்ந்துவிட்டார்கள். என் பெயர் முன்பு நாகப்பட்டினம் மாவட்டத்துக் கீழ்வேளூர் தொகுதி வாக்காளர் பட்டியலில் இருந்தது. வேலைக்கு வந்த பிறகு சென்னைப் பக்கம் சோழிங்கநல்லூருக்கு மாறியது. 2021-இல் கீழ்வேளூரில் இரண்டு லட்சத்துக்கும் குறைவான வாக்காளர்கள். சோழிங்கநல்லூரில் ஆறரை லட்சத்துக்கும் மேல். இரண்டுக்கும் ஒரே ஒரு எம்.எல்.ஏ., ஒரே அளவு தொகுதி மேம்பாட்டு நிதி. விரலும் மையும் அதேதான், ஓட்டின் எடைதான் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. இதைப் பற்றி இங்கே யாரும் வாய் திறப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

234-இல் 44 தனித் தொகுதிகள் பட்டியல் சாதியினருக்கு. ஏற்காடும் சேந்தமங்கலமும் பழங்குடியினருக்கு. அங்கே வேட்பாளருக்குத்தான் கட்டுப்பாடு, ஓட்டு எல்லாருக்கும் உண்டு. ஆங்கிலோ இந்தியருக்கான நியமன இடம் 2020-இல் முடிவுக்கு வந்தது. (பக்கத்துப் புதுச்சேரியில் 30 பேர் போக மூன்று பேரை மத்திய அரசே நியமிக்கலாம், அது தனிக் கதை.)

ஓட்டும் இடமும் ஒத்துப்போகாததற்குத் தேமுதிகவைப் பாருங்கள். 2006-இல் தனித்து நின்று சுமார் 8 சதவீத ஓட்டு வாங்கியது. கிடைத்தது விருத்தாசலம் ஒன்றுதான். 2011-இல் அதிமுக கூட்டணியில் ஏறக்குறைய அதே சதவீதத்துக்கு 29 இடங்கள்! தொகுதியில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவரே ஜெயித்தவர், மற்ற ஓட்டுகள் எங்கும் சேராது. கூட்டணிப் பேச்சில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஏன் இத்தனை இழுபறி என்பது இதிலேயே விளங்கும்.

இடையில் ஓர் இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். மீதிப் பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவென்றால் அந்தக் கட்டாயம் இல்லை. அதுவரை அந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வே கிடையாது.