டிராகனின் வெளிக்கோடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாத்திரங்களாக மாறி மேசையைச் சுற்றி அமர்ந்து கதைபோல் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் புதிய மான்ஸ்டர் மேனுவலில், அதாவது அதன் விலங்கு, அரக்கர் கையேட்டில், டிராகன்களை மாற்றி வரைந்திருக்கிறார்கள். மார்த்தாண்டத்தில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் கூடி விளையாடுகிறோம், கதையை நடத்துபவன் நான். பழைய படங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இவை அந்நியமாகத் தெரிகின்றன. ஐம்பதாண்டு மரபில் இப்படிக் கை வைக்கலாமா?

ஒரு வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வருத்தத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் மரபு என்று சொல்வது எது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். விளையாட்டு வெளிவந்தது 1974இல். 1977இல் வந்த முதல் மான்ஸ்டர் மேனுவலின் உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளையில் அச்சானவை. சிவப்பு, நீலம், பச்சை என்று நிறத்தாலேயே பெயர் பெற்ற டிராகன்களை நிறமே இல்லாத தாளில் பார்த்துத்தான் அந்தத் தலைமுறை விளையாடியது. நம் மனத்தில் ஊன்றிப்போன உருவங்களோ 2000இல் விளையாட்டின் மூன்றாம் பதிப்புக்காக ஓவியர்கள் டாட் லாக்வுட்டும் சாம் வுட்டும் வடிவமைத்தவை. ஆகவே நீங்கள் காக்க நினைப்பதும் ஒருகாலத்தில் புதிதாக மாற்றி வரையப்பட்டதுதான்.

அந்தப் பதிப்பின் அருமை, ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு தனித் தலை அமைந்ததில் இருக்கிறது. சதுப்பில் கிடந்து அமிலம் உமிழும் கறுப்பு டிராகனுக்குக் கொம்புகள் முன்னோக்கி வளைந்திருக்கும், முகம் சதை வற்றி மண்டையோடுபோல் ஒட்டியிருக்கும். பாலையில் வாழ்ந்து மின்னல் கக்கும் நீல டிராகனின் மூக்கின்மேல் ஒற்றைக் கொம்பு எழுந்து நிற்கும். சென்ற மாதம் அந்தப் பழைய படங்களைப் பென்சிலால் நகலெடுத்து, உள்ளே முழுக்கக் கரிபூசி, விளையாட்டே தெரியாத அண்ணன் மகளிடம் காட்டினேன். எது எந்த நிலத்தில் வாழும் என்று அவள் ஊகித்தவற்றில் பாதிக்கு மேல் சரியாக இருந்தன. நீல டிராகனின் கொம்பில் விரலை வைத்து, “இது வறண்ட இடத்து ஜந்து, காண்டாமிருகம் மாதிரி” என்றாள்.

மயிலாடியில் கல் கொத்தும் பட்டறை ஒன்றில் நாகச்சிலை உருவாவதைப் பார்த்திருக்கிறேன். பட்டைதீட்டிய கல்லில் சிற்பி காவியால் வெளிக்கோட்டை மட்டும் போட்டுவிட்டு, பத்தடி தள்ளிப்போய் நின்று நெடுநேரம் பார்த்தார். பாம்பு படமெடுத்த விரிவில் ஓரிடத்தை ஈரத்துணியால் துடைத்து மறுபடி வரைந்தார். செதில்களைப் பற்றிக் கேட்டபோது, “அது கடைசி வேலை” என்றார். நாகர்கோவில் நாகராஜா கோயிலில் மஞ்சளும் பாலும் படிந்து நிற்கும் கல்நாகங்களில் ஒற்றைத் தலையும் உண்டு, ஐந்து தலையும் உண்டு, பின்னிப் பிணைந்த இணையும் உண்டு. எத்தனையோ கைகள் செதுக்கியவை. தூரத்திலிருந்து பார்த்தாலும் நாகம் என்பதில் ஐயம் வராது.

புதிய ஓவியங்களையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். மாற்றியதற்காக எனக்குக் கோபமில்லை. முட்களும் தோல்மடிப்புகளும் மிகுந்து, தலையின் கோடு அவற்றுக்குள் தொலைந்துபோகும் படங்களைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை; அங்கே ஓவியர் செதிலில் தொடங்கிவிட்டார். வாழும் நிலத்தையும் உமிழும் மூச்சையும் உடம்பிலேயே காட்டும் படங்களை, பழக்கமில்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடாதீர்கள்.

வரும் ஞாயிறன்று புதிய படங்களை இதேபோல் கரிபூசி உங்களோடு விளையாடும் நால்வரிடமும் காட்டுங்கள். எவற்றை அடையாளம் கண்டார்கள், எவற்றில் தடுமாறினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.