எண் பொருந்தினால் ஆள் பொருந்திவிடுமா?

கேள்வி: எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்கு இணையதளம் போட்டிருக்கிறோம். 1,140 உறுப்பினர்களின் பெயர், உறுப்பினர் எண், கைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் கூகுள் ஷீட்டில் இருக்கின்றன. அதில் இருப்பவர்கள் மட்டும் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். எங்களில் யாருக்கும் கோடிங் தெரியாது, அதனால் கோடிங் இல்லாமலே இணையச் செயலிகளை இணைத்துத் தானாக வேலை செய்ய வைக்கும் ஜாப்பியர் (Zapier) என்ற கருவியை வைத்துச் செய்து பார்த்தோம். யாரென்றே தெரியாத இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். மூத்த உறுப்பினர்கள் பலரை ‘விவரம் பொருந்தவில்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டது. எங்கே தப்பு?
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் அந்த இரண்டு பேர். உறுப்பினர் எண்ணும் கைபேசி எண்ணும் ஷீட்டில் இருக்கிறதா என்று மட்டும்தானே பார்க்கச் சொன்னீர்கள்? பெரும்பாலான சங்கங்கள் இந்த இரண்டையும் ஆண்டு மலரிலேயே அச்சடித்துவிடுகின்றன, வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகின்றன, மலர் கையில் உள்ள யாரும் பார்த்துத் தட்டிவிடலாம். அப்படி ஒரு உறுப்பினர் உண்டு என்பதுதான் அதில் தெரியும், தட்டுகிறவர் அவர்தானா என்பது தெரியாது.

அதனால் எண் பொருந்தியதும் உள்ளே விடாதீர்கள். பொருந்திய வரிசையில் ஏற்கெனவே உள்ள மின்னஞ்சலுக்கு ஒரு லிங்க் அனுப்புங்கள். படிவத்தில் இப்போது எழுதித் தந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால் செய்த வேலை அத்தனையும் வீண், ஏனென்றால் வேற்றாள் தன் முகவரியைத்தானே கொடுத்திருப்பார். லிங்கைத் தட்டிய பிறகுதான் கணக்கு திறக்க வேண்டும். லிங்கில் உறுப்பினர் எண்ணை வைக்காமல், யாராலும் ஊகிக்க முடியாத ஒரு குறியீட்டை வையுங்கள், ஒரு நாளில் காலாவதி ஆகட்டும். திரையில் வரும் செய்தியும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்: ‘விவரம் எங்கள் பதிவேட்டில் இருந்தால் மடல் வரும்.’ எண் சரி, கைபேசி தப்பு என்று பிரித்துச் சொன்னால் ஊகித்துப் பார்க்கிறவருக்கு நாமே வழி காட்டுவது போல ஆகிவிடும்.

சரி, மூத்தவர்கள். உங்கள் ஷீட்டில் ஒருவர் எண் 0457 என்று எழுதப் போனால் கூகுள் ஷீட் அதை 457 ஆக்கிவிடும், அந்தக் கட்டங்களை வெறும் எழுத்தாக வைக்கச் சொல்லி முதலில் மாற்றுங்கள். கைபேசியை ஒருவர் 91 சேர்த்து எழுதுவார், ஒருவர் 0 சேர்த்து, ஒருவர் நடுவில் இடம் விட்டு. படிவத்திலும் ஷீட்டிலும் எண் அல்லாதவற்றை நீக்கிக் கடைசி 10 இலக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள். பெயரை ஒப்பிடவே வேண்டாம். ‘ழ’வை ஆங்கிலத்தில் எழுத ஆளுக்கொரு வழி, இனிஷியல் சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். உங்களுடன் படித்த பெண்கள் பலருக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் அப்பா இனிஷியல் போய்க் கணவர் இனிஷியல் வந்திருக்கும். பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரோடு அவர் சண்டை போட வேண்டுமா என்ன?

இன்னொன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். கருவிக்கு ‘சரி’ சொல்லும் அதிகாரத்தை மட்டும் கொடுங்கள், ‘இல்லை’ சொல்லும் அதிகாரம் வேண்டாம். பொருந்தாதவர் விவரம் ஷீட்டில் தனிப் பக்கத்துக்குப் போகட்டும், நிர்வாகக் குழுவில் ஒருவர் போன் போட்டுப் பேசட்டும். பழைய மின்னஞ்சலை இழந்தவர்களுக்கும் இதுதான் வழி. ஐம்பது வருஷம் கழித்து ஆசையாகத் திரும்பி வருகிறவரை ஒரு இயந்திரம் வாசலிலேயே நிறுத்தக் கூடாது.

கருவியைப் பொறுத்தவரை, ஜாப்பியரின் இலவசக் கணக்கு 15 நிமிடத்துக்கு ஒரு முறைதான் புதுப் பதிவு வந்திருக்கிறதா என்று பார்க்கும், மாதம் 100 டாஸ்க்தான் (அது செய்து முடிக்கும் ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க்), ஒரு ட்ரிகருக்குப் பின், அதாவது வேலையைத் தொடங்கி வைக்கும் நிகழ்வுக்குப் பின், ஒரே ஒரு வேலைதான் செய்யும். தேடுவதும் மடல் அனுப்புவதும் இரண்டு வேலை. இதே போன்ற இன்னொரு கருவியான மேக் (Make, 2022 வரை இன்டெக்ரோமேட் என்று பெயர்) வெப்ஹூக் வழியாக, அதாவது பதிவு வந்ததுமே தளம் அனுப்பும் தகவலை வைத்து, உடனே ஓடும், இலவசமாக மாதம் 1,000 படி வரை. ஒரு பதிவுக்கு 4 படி என்று வைத்தால் 250 பேருடன் தீர்ந்துவிடும். ஆகவே எல்லோரையும் ஒரே மாதத்தில் கூப்பிடாமல், படித்து முடித்த ஆண்டுவாரியாக அழையுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் புதுச்சேரி மாநிலத்தவர் மட்டும் சேரலாம். பின்கோடு 605 என்று தொடங்கினால் அனுமதி என்று வைக்கலாமா?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம். நான் இதைச் செய்து நண்பர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். ஒரு வாசகர் வட்டத்துக்கு இதே விதியை வைத்தேன், பாகூரிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் வெளியே நின்றார்கள். பாகூர் புதுச்சேரிதான், ஆனால் பின்கோடு 607402, கடலூர்ப் பக்கத்து எண். விழுப்புரம் 605602, தமிழ்நாடு, அவர்கள் தாராளமாக உள்ளே வந்தார்கள். காரைக்கால் 609, மாஹே 673, ஏனாம் 533 என்று தொடங்கும். தபால்காரரின் வழியை வைத்துப் போட்ட எண் அது, மாநில எல்லையை வைத்து அல்ல. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்லுங்கள், சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: சரிபார்க்க ஆதார் நகல் வாங்கினால் சுலபம் இல்லையா?
– ஒரு வாசகர், நெய்வேலி

பதில்: வாங்காதீர்கள். ஒரு சங்கத்துக்கு ஆதார் எதற்கு? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக விவரம் கேட்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்கச் சொல்கிறது, அந்த வேலைக்குத் தேவையானதை மட்டும் வாங்கச் சொல்கிறது. அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வாய்ப்பை உறுப்பினருக்குத் தர வேண்டும். பலர் கவனிக்காத இன்னொன்று: ஜாப்பியரோ மேக்கோ, ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதன் வழியே போன விவரம் அதன் வரலாற்றுப் பக்கத்தில் கொஞ்ச காலம் தங்கும். ஒரே கடவுச்சொல்லைக் குழுவில் ஐந்து பேர் பகிர்ந்துகொண்டால் அந்த ஐந்து பேரும், அவர்கள் போனை எடுக்கிற வீட்டுப் பிள்ளைகளும் அதைப் பார்க்கலாம். இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றி, பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள்.