குழியை மூடும் முன் ஒரு வாளித் தண்ணீர்

(வீட்டு வேலை தொடர்பான வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கட்டட மேற்பார்வையில் பல வருடம் இருந்து ஓய்வுபெற்றவர்.)

கேள்வி: கழிவுநீர்க் குழாயை மாற்ற மூன்று மேஸ்திரிகளிடம் விலை கேட்டேன். ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட மிகக் குறைவாகச் சொல்கிறார். அவரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: மூன்று பேரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொன்னார்களா என்று முதலில் பாருங்கள். குறைவாகச் சொன்னவரின் சீட்டில் அநேகமாக "டிரைனேஜ் வேலை, மொத்தம்" என்று ஒரே வரிதான் இருக்கும். சேம்பர் (குழாய்கள் வந்து சேரும், மூடி போட்ட சிறு தொட்டி) எத்தனை, அதன் உள் அளவு என்ன, குழாய் எத்தனை அங்குலம், தோண்டிய மண்ணை அள்ளிப் போடுவது யார், உடைத்த தரையைத் திரும்பப் பூசித் தருவாரா, இது எதுவும் இருக்காது. மற்ற இருவர் அதையெல்லாம் மனதில் வைத்து விலை சொல்லியிருப்பார்கள். விட்டுப்போனது ஒவ்வொன்றும் பாதி வேலையில் "அது தனிங்க" என்று வந்து நிற்கும். நீங்களே ஒரு தாளில் இந்த விவரங்களை எழுதி, மூவருக்கும் அதே தாளைக் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். அப்புறமும் அவர்தான் குறைவு என்றால் தாராளமாகக் கொடுங்கள். குறைந்த விலைக்காரர் எல்லாம் ஏமாற்றுக்காரர் இல்லை. ஆள் குறைவாக வைத்து, தானும் கூட நின்று வேலை செய்பவராகவும் இருக்கலாம்.

கேள்வி: குளியலறையிலிருந்து கடைசி சேம்பர் வரை 32 அடி. "வாட்டமெல்லாம் கண் பார்வையிலேயே போட்டுடுவேன்" என்கிறார் மேஸ்திரி. நம்பலாமா? எனக்கு இந்த வேலை ஒன்றும் தெரியாது, ஐயா.

பதில்: கண் பார்வையில் வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு) போட்ட எத்தனையோ குழாய்களை மறுபடி தோண்டியிருக்கிறேன். அதில் ஒன்று என் சொந்த வீட்டுக் குழாய். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

4 அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 32 அடிக்கு 8 அங்குலம் இறங்க வேண்டும். அந்த 8 அங்குலம் உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு, வேலையைக் குளியலறைப் பக்கம் ஆரம்பிக்கக் கூடாது. தண்ணீர் போய்ச் சேரும் சேம்பரைத் திறந்து, அதன் அடிமட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்துவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கி வர வேண்டும். பலர் வீட்டுப் பக்கம் தோண்ட ஆரம்பித்து, கடைசி ஆறடியில் ஆழம் போதாமல் குழாயைத் தட்டையாகப் படுக்கவைத்துவிடுவார்கள். அந்த ஆறடியில்தான் பின்னால் அடைப்பு வரும்.

அளப்பதற்கு டியூப் லெவல் போதும். கண்ணாடி போன்ற டியூபில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் குழாயின் இரு முனைகளில் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து குழாயின் மேல்முதுகு வரை ஒரு டேப்பால் இரண்டு பக்கமும் அளங்கள். கீழ்ப்பக்கம் 8 அங்குலம் கூடுதலாக வந்தால் சரி. டியூபுக்குள் காற்றுக்குமிழி நின்றால் அளவு பொய் சொல்லும்; முதலில் அதைத் தட்டி வெளியேற்றுங்கள். ரசமட்டம் (நடுவில் குமிழி ஓடும் மட்டக்கோல்) வைத்துப் பார்த்தால், அந்த ஓரடிக் குழாயின் கதைதான் தெரியும். 32 அடியின் கதை தெரியாது.

இப்போது என் வீட்டுக் கதை. எனக்குப் பல வருடம் பழக்கமான ஆள். நான் வேறொரு வேலையில் இருந்த நாளில் குழியை மூடிவிட்டார். சில மாதங்களில் தண்ணீர் மெதுவாக இறங்க ஆரம்பித்தது. தோண்டிப் பார்த்தால், வாட்டம் கிடைப்பதற்காகக் குழாய்க்கு அடியில் அங்கங்கே அரைச்செங்கல் கொடுத்திருக்கிறார். நடுவில் மணல் இல்லை. மேலே மண் பாரம் ஏறியதும், இரண்டு செங்கல்லுக்கு நடுவே குழாய் தொட்டில் மாதிரி தொய்ந்துவிட்டது. இரு முனைகளிலும் அளவு சரி, நடுவில் குளம்! குழாய் அதன் முழு நீளத்துக்கும் மணல் படுக்கையில் உட்கார வேண்டும். கல்லும் செங்கல்லும் அடியில் வரவே கூடாது.

அதனால் மூடும் முன் ஒன்று செய்யுங்கள். மேலிருந்து ஒரு வாளித் தண்ணீர் விட்டு, ஓடி முடிந்ததும் கீழ் முனையில் ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லி, மேல் முனையிலிருந்து குனிந்து பாருங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால் நல்லது. மேலேயோ கீழேயோ வெட்டுப்பட்டுத் தெரிந்தால் நடுவில் தொய்வோ தேங்கிய தண்ணீரோ இருக்கிறது. பிறகு கீழ் முனையை இறுக அடைத்து, குழாயை நிரப்பி, மேலே தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஏதோ ஒரு இணைப்பு கசிகிறது. எல்லாம் சரியென்றால், டேப்பைப் பக்கத்தில் வைத்து நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் எங்கே தோண்டுவது என்று தேட வேண்டியிருக்காது.

கேள்வி: பாதிப் பணம் அட்வான்ஸ் கேட்கிறார் கொத்தனார். கொடுக்கவில்லையென்றால் வரமாட்டாராம்.

பதில்: அட்வான்ஸ் கேட்பது தப்பில்லை, சித்தாளுக்கு அவர் அன்றன்றைக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்தால், அட்வான்ஸ் கூலிக்கு மட்டும் போதும், தொகை தானாகவே சுருங்கிவிடும். மிச்சத்தை நாள் கணக்கில் தராதீர்கள். குழாய் போட்டு மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனை முடிந்ததும் ஒரு பங்கு, சேம்பர் கட்டிப் பூசியதும் ஒரு பங்கு, மூடித் தரை போட்டதும் ஒரு பங்கு. சிறு தொகை ஒன்று முதல் பெருமழை வரை உங்கள் கையில் இருக்கட்டும். இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்தபின் சொன்னால் சண்டைதான் வரும், நியாயமும் அவர் பக்கம்தான் இருக்கும்.

கேள்வி: சுவரின் அடியில் பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. இரண்டு முறை கொத்திவிட்டுப் பூசியாயிற்று. மூன்றாவதாக ஒருவர், "நல்ல கலவை போட்டால் நிற்கும்" என்கிறார்.

பதில்: நிற்காது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பூசினால் நாலாவது ஆளும் வருவார். ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் துளிகள் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் இருந்தால் அறைக் காற்றின் ஈரம். உள்ளிருந்து வருகிறது என்றால், அந்தச் சுவருக்கு வெளியே சேம்பரோ மழைநீர்க் குழாயோ இருக்கிறதா? பூச்சுக்காரரை அனுப்பிவிட்டு, முதலில் அதன் மூடியைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: மேஸ்திரி தான் செய்த வேலை என்று ஒரு வீட்டைக் காட்டினார். பளிச்சென்று இருந்தது.

பதில்: போன மாதம் முடித்ததாக இருக்கும். இரண்டு மழைக்காலம் பார்த்த வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே சேம்பர் மூடியைத் தூக்கிப் பார்க்க வீட்டுக்காரர் சம்மதித்தால் இன்னும் நல்லது.