கேவி என்றால் கிலோவோல்ட் அல்ல: மின்சார ஜெட் பெட்டியைப் படிப்பது எப்படி?

கேள்வி: ஒரு வருடமாக மின்சார புரொபெல்லர் விமானம் பறக்கவிட்டு வருகிறேன். இப்போது ஒருவரிடமிருந்து நுரை உடல் கொண்ட ஜெட் மாடல் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கியிருக்கிறேன். பெட்டியில் "64 மி.மீ. இ.டி.எஃப்., 11 பிளேடு, 2840-3200 கேவி மோட்டார், 40ஏ இ.எஸ்.சி., 4எஸ் 2200 35சி, மடங்கும் சக்கரம், பி.என்.பி." என்று போட்டிருக்கிறது. கையேட்டில் அதிகபட்ச மின்னோட்டம் 36 ஆம்பியர், உந்துவிசை 950 கிராம், பறக்கும் எடை 850 கிராம் என்று இருக்கிறது. இதற்கெல்லாம் என்ன அர்த்தம்? என்னிடம் ஏற்கெனவே இருக்கும் 3எஸ் 2200 25சி பேட்டரியைப் போட்டுப் பறக்கவிடலாமா? புதிதாக என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: பேட்டரி கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அதைப் போடாதீர்கள். ஏன் கூடாது என்பது பெட்டியில் இருக்கும் அந்த எழுத்துகளுக்குள்ளேயே இருக்கிறது. ஃபேன், மோட்டார், இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), பேட்டரி நான்கும் ஒரே சங்கிலி. ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றின் கணக்கும் மாறும். புரொபெல்லர் விமானத்திலும் அப்படித்தான் என்றாலும், அங்கே கொஞ்சம் பிசகினால் விமானம் மன்னித்துவிடும். ஜெட் மன்னிக்காது.

இ.டி.எஃப். என்பது எலெக்ட்ரிக் டக்டட் ஃபேன், அதாவது குழாய்க்குள் சுழலும் மின்விசிறி. உள்ளே எரிபொருளும் இல்லை, நெருப்பும் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடும் நிஜ டர்பைன் மாடல்கள் வேறு சாதி. 64 மி.மீ. என்பது அந்தக் குழாயின் உள்விட்டம். 50, 64, 70, 80, 90 என்று இந்த அளவுகள் வரும். அளவு ஏற ஏற பேட்டரியின் செல் எண்ணிக்கையும் பொதுவாக ஏறும்.

அந்த யூனிட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுழலும் பாகம் ரோட்டர். அதன் நடுவில் கூம்பாக இருப்பது ஸ்பின்னர். ரோட்டருக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் இதழ்கள் ஸ்டேட்டர். இவற்றுக்கு இரண்டு வேலை: மோட்டாரை நடுவில் பிடித்துக்கொள்வது, ரோட்டர் முறுக்கிவிட்ட காற்றை நேராக்கிப் பின்னால் அனுப்புவது. சுற்றியிருக்கும் வளையக்கூடு ஷ்ரவுட். ரோட்டர் இதழ் நுனிக்கும் ஷ்ரவுட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் காற்று நுனி வழியாக முன்பக்கமே கசிந்துவிடும். 11 பிளேடு என்பதைப் பார்த்து அதிக உந்துவிசை என்று நினைக்காதீர்கள். பிளேடு எண்ணிக்கை பெரும்பாலும் சத்தத்தின் தன்மையைத்தான் மாற்றும். 5 பிளேடு ஃபேன் வாக்குவம் கிளீனர் போலக் கீச்சிடும். 11, 12 பிளேடு ஃபேன் நிஜ ஜெட்டை ஒத்த 'உஷ்ஷ்' சத்தம் தரும். எனக்கு அந்தச் சத்தத்துக்காகவே 12 பிளேடு பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

குழாயின் முன்வாயில் உருண்டையாக வளைந்த விளிம்பு இருக்கும், அது இன்லெட் லிப். கூரான விளிம்பு காற்றைக் கிழித்துச் சுழல வைக்கும், உந்துவிசை போய்விடும். பின்பக்கம் போகப் போகக் குறுகும் குழாய் த்ரஸ்ட் டியூப். இங்கே எஃப்.எஸ்.ஏ. என்ற ஒரு சொல் அடிக்கடி வரும். ஃபேன் உண்மையில் துடைக்கும் பரப்பு அது: குழாயின் வட்டப் பரப்பிலிருந்து நடுக் கூம்பின் பரப்பைக் கழித்தது. 64 மி.மீ. குழாயில் நடுப்பகுதி 30 மி.மீ. என்று வைத்தால் சுமார் 25 சதுர செ.மீ. வரும். பின்வாயின் பரப்பு இதில் 85 முதல் 90 சதவீதம் இருப்பது வழக்கம், அதாவது கிட்டத்தட்ட 53 மி.மீ. விட்டம். அதைவிடக் குறுக்கினால் வேகம் கூடும் என்று சிலர் முயல்வார்கள். ஓரளவுக்கு மேல் ஃபேன் மூச்சு முட்டிப்போகும், அவ்வளவுதான்.

உங்கள் ஜெட்டின் வயிற்றில் இறக்கைக்குக் கீழே எதற்கென்றே தெரியாத ஒரு ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அடைத்துவிடாதீர்கள். நிஜப் போர் விமானத்தின் காற்றுவாயை அதே விகிதத்தில் சிறிதாக்கினால், நம் ஃபேனுக்கு வேண்டிய காற்று அதன் வழியாகப் போதாது. அதனால் திருட்டுத்தனமாக ஒரு கூடுதல் வழி விடுவார்கள். பெயரே சீட்டர் ஹோல், ஏமாற்று ஓட்டை.

இப்போது கேவி. பள்ளியில் படித்த கிலோவோல்ட் என்று நினைத்துப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே கேவி என்றால் சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும் என்பது. 4எஸ் என்றால் நான்கு லித்தியம் பாலிமர் செல்கள் தொடராக இணைந்தது. செல் ஒன்றுக்கு 3.7 வோல்ட், ஆக 14.8 வோல்ட். 3200 × 14.8 என்றால் நிமிடத்துக்கு 47,360 சுற்று. ஃபேனை மாட்டியபின் இது கணிசமாகக் குறையும், ஆனாலும் இவ்வளவு வேகம் தேவை. உங்கள் பழைய விமானத்தின் புரொபெல்லர் பெரிய வட்டத்தில் நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளியது. இது 25 சதுர செ.மீ.க்குள் கொஞ்சம் காற்றை மிக வேகமாகத் தள்ளியாக வேண்டும். அதனால்தான் ஜெட் பேட்டரியைக் குடிக்கிறது. 2840 என்பது மோட்டாரின் விட்டம் 28 மி.மீ., நீளம் 40 மி.மீ. என்று பொருள். சில தயாரிப்பாளர்கள் வெளிக்கூட்டை அளப்பார்கள், சிலர் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை. மாற்று மோட்டார் வாங்கும்போது எண்ணை நம்பாமல் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் 3எஸ்ஸுக்கு வருவோம். மின்னழுத்தம் முக்காலாகக் குறைகிறது. சுற்றும் ஏறக்குறைய முக்காலாகும். ஃபேனின் உந்துவிசை சுற்றுவேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முக்காலின் வர்க்கம் 9/16. 950 கிராம் சுமார் 535 கிராமாகிவிடும். பேட்டரி கொஞ்சம் இலகு என்று பார்த்தாலும் 800 கிராம் பக்கம் எடையுள்ள ஜெட்டுக்கு இது காணாது. ஓடுதளத்தில் உருளும், எழும்பினாலும் ஏறத் திணறும்.

அப்புறம் அந்த 25சி. 4எஸ் வாங்கும்போது இந்த எண் முக்கியம். சி என்பது செல்சியஸ் அல்ல, பேட்டரி தன் கொள்ளளவின் எத்தனை மடங்கு மின்னோட்டம் தரும் என்பது. 2200 எம்.ஏ.எச். என்பது 2.2 ஆம்பியர்-மணி. 2.2 × 25 = 55 ஆம்பியர். ஆகா, 36-க்கு தாராளமாகப் போதுமே என்று தோன்றும். லேபிளில் இருக்கும் சி எண் பெரும்பாலும் விற்பனைத் துறை எழுதியது. நான் எப்போதும் அதில் பாதியைத்தான் நம்புவேன். 25சி-யில் பாதி 27 ஆம்பியர், 4எஸ்ஸில் இழுக்கும் 36-க்குப் போதாது. 35சி-யில் பாதி 38, சரியாக வரும். 45சி கிடைத்தால் இன்னும் நல்லது, எடை கூடாமல் இருந்தால். வலுவில்லாத பேட்டரியை ஜெட்டில் போட்டால் முதல் பறப்பிலேயே சூடாகி உப்பிவிடும். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது.

பறக்கும் நேரமும் இதிலிருந்தே வரும். கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, அதாவது 1.76 ஆம்பியர்-மணி. சராசரியாக 27 ஆம்பியர் இழுத்தால் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. முழு த்ராட்டிலில், அதாவது மோட்டார் வேகத்துக்கான குச்சியை முழுக்கத் தள்ளினால், மூன்றே நிமிடம். டிரான்ஸ்மிட்டரில் டைமரை மூன்று நிமிடத்துக்கு வையுங்கள். இறங்கியபின் செல் ஒவ்வொன்றிலும் எவ்வளவு மீதி என்று பார்த்து, பிறகு பத்துப் பத்து வினாடியாகக் கூட்டுங்கள்.

இ.எஸ்.சி. என்பது எலெக்ட்ரானிக் ஸ்பீட் கன்ட்ரோலர். 36 ஆம்பியருக்கு 40 ஆம்பியர் இ.எஸ்.சி. என்பது கொஞ்சம் இறுக்கமான கணக்கு. வேலை செய்யும், ஆனால் காற்றோட்டம் படும் இடத்தில் இருக்க வேண்டும். முந்தைய சொந்தக்காரர் நுரைக்குள் புதைத்து டேப் ஒட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். பேட்டரி எட்டவில்லை என்று பேட்டரி பக்கத்து ஒயரைச் சும்மா நீட்டாதீர்கள். அதற்குக் கூடுதல் கெப்பாசிட்டர் வேண்டும், இல்லையென்றால் இ.எஸ்.சி. பொசுங்கலாம். பழைய விமானத்திலிருந்து எடுத்த இ.எஸ்.சி. என்றால் பிரேக் செட்டிங் (த்ராட்டிலை மூடியதும் மோட்டாரைப் பிடித்து நிறுத்துவது) அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதற்குள்ளேயே பி.இ.சி. என்று ஒன்று உண்டு. பேட்டரியின் 14.8 வோல்ட்டை 5 வோல்ட் அளவுக்கு இறக்கி ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் (இறக்கை, வால் பாகங்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்) கொடுப்பது அது. உங்கள் ஜெட்டில் இறக்கையின் ஏலெரான், வாலின் எலிவேட்டர், ரட்டர், முன்சக்கரம் இவற்றுக்கான சர்வோக்களோடு மடங்கும் சக்கரங்களும் (ரிட்ராக்ட் என்பார்கள்) அதே வாயிலிருந்துதான் சாப்பிடுகின்றன. சக்கரம் ஒன்றில் புல் சிக்கி, அது மடங்காமல் திணறினால் மின்னோட்டம் எகிறும், 5 வோல்ட் சரியும், ரிசீவர் கண்ணை மூடிவிடும். பி.இ.சி. 3 ஆம்பியர்தான் என்றால், ஜெட்டுக்கு யு.பி.இ.சி. (இ.எஸ்.சி.க்கு வெளியே தனியாக இருக்கும் பி.இ.சி.) ஒன்று போடுவது என் பழக்கம். சின்னப் பொருள், பெரிய நிம்மதி.

பி.என்.பி. என்றால் பிளக் அண்ட் பிளே. மோட்டார், ஃபேன், இ.எஸ்.சி., சர்வோ எல்லாம் பொருத்தி வந்திருக்கும். டிரான்ஸ்மிட்டர், ரிசீவர், பேட்டரி, சார்ஜர் உங்கள் பொறுப்பு. ஆர்.டி.எஃப். என்றால் அனைத்தும் உள்ளேயே. பி.என்.எஃப். என்றால் ரிசீவர் உண்டு, டிரான்ஸ்மிட்டர் இல்லை. ஆக நீங்கள் வாங்க வேண்டியவை: 4எஸ் 2200 பேட்டரி இரண்டு, 6 சேனல் ரிசீவர், உங்கள் சார்ஜர் 4எஸ்ஸை ஏற்காது என்றால் ஏற்கும் ஒன்று. கூடவே ஒரு வாட்மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசீவர் உங்கள் டிரான்ஸ்மிட்டரோடு பைண்ட் ஆகும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டிலும் எழுதியிருப்பதால் மட்டும் இரண்டும் பேசிக்கொள்ளாது. பேட்டரியின் பிளக் இ.எஸ்.சி.யின் பிளக்கோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

பறப்பதற்கு முன் மேசையில் ஒரு சோதனை. முதலில் டிரான்ஸ்மிட்டரைப் போட்டு, த்ராட்டிலைக் கீழே வைத்து, பிறகு பேட்டரியை இணையுங்கள். அணைக்கும்போது வரிசை தலைகீழ். ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். காற்றுவாய்க்கு முன்னால் கையோ, சட்டைக் கையோ, ஒயரோ இருக்கக் கூடாது. ஒருமுறை நான் உள்ளே ஒரு சர்வோ ஒயரை ஒட்டாமல் விட்டுவிட்டேன். கால் த்ராட்டிலில் ஃபேன் அதை உறிஞ்சி நறுக்கியது. ரோட்டரில் இரண்டு இதழ் போனது. இதழ் உடைந்த ரோட்டரை ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது, முழுதாக மாற்ற வேண்டும். பின்வாயில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக் காற்று பின்னால் வருகிறதா பாருங்கள். முன்னால் வந்தால் மோட்டாரின் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும். முழு த்ராட்டிலில் வாட்மீட்டர் 36 ஆம்பியரை ஒட்டிக் காட்ட வேண்டும். 40-ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள்.

சி.ஜி., அதாவது எடை மையம், கையேட்டில் சொன்ன இடத்தில் வர வேண்டும். பேட்டரியை முன்பின் நகர்த்தித்தான் அதைச் சரிசெய்வோம். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கைகளில் இந்த இடத்தைக் கண்ணால் யூகிக்க முடியாது. முதல் பறப்புக்குக் குறித்த இடத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் முன்னால் இருந்தால் பரவாயில்லை, பின்னால் இருக்கவே கூடாது.

கடைசியாக, பெட்டியில் எழுதாத ஒன்று. உங்கள் பழைய விமானத்தில் த்ராட்டிலைத் திறந்த நொடியே புரொபெல்லர் காற்று வாலின் மேல் அடித்தது. வேகமே இல்லாதபோதும் ரட்டரும் எலிவேட்டரும் கேட்டன. ஜெட்டின் காற்று உடலுக்குள்ளேயே ஓடி வெளியேறிவிடுகிறது. வால் கேட்க வேண்டுமென்றால் விமானம் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். போதாதற்கு, ஃபேன் கீழிருந்து முழு வேகத்துக்கு ஏறச் சற்று நேரம் எடுக்கும். இதை ஸ்பூல்-அப் என்பார்கள். அதனால் எழும்பும்போது நீளமாக ஓடவிட்டு வேகம் சேர்ந்தபின் எலிவேட்டரை மெதுவாக இழுங்கள். இறங்கும்போது த்ராட்டிலை முழுக்க மூடாமல் கால்வாசி வைத்துக்கொண்டே வாருங்கள். தரையை நெருங்கியபின் "ஐயோ, மறுபடி சுற்றி வரலாம்" என்று நினைத்தால் நேரம் கடந்திருக்கும். அந்த முடிவைக் கடைசித் திருப்பத்திலேயே எடுத்துவிடுங்கள். முதல் நாள் 4எஸ் பேட்டரி இரண்டையும் முழுதாக சார்ஜ் செய்து கொண்டுபோங்கள். ஒன்றைப் பறக்கவிடாமலே திரும்பினால், வீட்டுக்கு வந்ததும் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கி வையுங்கள்.