பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம், பராமரிப்பு கட்டுப்படியாகுமா?

கேள்வி: சில ஆண்டுகளாக இரண்டாம் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஓட்டிவருகிறேன். கடன் எதுவும் இல்லை. அதை விற்றுவிட்டு, 996 வகை போர்ஷே 911 கரேரா அல்லது இ46 பிஎம்டபிள்யூ எம்3, இரண்டில் ஒன்றைப் பழைய காராக வாங்க ஆசைப்படுகிறேன். விற்ற பணத்துடன் என் சேமிப்பு முழுவதையும் சேர்த்தால் விலையை ஏறக்குறைய எட்டிவிடும்; மீதிக்குச் சிறிய கடன் வாங்கலாம். வேலைக்குப் போக வேறு வாகனம் இல்லை. வாங்கலாமா?

பதில்: உங்கள் ஆசையில் தவறு இல்லை. ஆனால் சேமிப்பு முழுவதையும் காரின் விலைக்கே கொடுத்துவிட்டு, அதற்கு மேல் கடனும் வாங்கும் இந்தத் திட்டத்தை நான் ஏற்கமாட்டேன். அந்தக் காருக்கு முதல் பெரிய பழுது வரும் நாளில் உங்கள் கையில் பணம் இருக்காது என்பதே காரணம்.

ஒரு கார் பழையதாக ஆக அதன் சந்தை விலை குறைகிறது; உதிரிபாகங்களின் விலையும் மெக்கானிக்கின் கூலியும் அப்படிக் குறைவதில்லை. 300 குதிரைத்திறன் கொண்ட 911, புதிதாக விற்ற விலையில் ஒரு சிறு பகுதிக்கே இன்று கிடைக்கலாம். ஆனால் அதன் கிளட்சும் பிரேக் டிஸ்க்கும் அன்றைக்கு இருந்த அதே விலையுயர்ந்த காரின் பாகங்களே. உங்கள் எம்எக்ஸ்-5 எடை குறைந்த, எளிய அமைப்புள்ள கார் என்பதால் டயரும் பிரேக்கும் நீண்ட காலம் உழைத்திருக்கும். இப்போது நீங்கள் பார்க்கும் இரண்டு கார்களிலும் பின்சக்கர டயர்கள் பொதுவாக முன்சக்கர டயர்களைவிட அகலமானவை என்பதால், தேய்மானத்தைச் சமன்செய்ய முன்னும் பின்னுமாக மாற்றிப் போடவும் முடியாது. காப்பீட்டு பிரீமியமும் கூடும்; விலை பேசுவதற்கு முன்பே அந்தந்தக் காருக்கான தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி ஒவ்வொரு காருக்கும் உரிய பழுதுகள். 996 கரேராவின் இன்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்கு இயக்கத்தைக் கடத்தும் இடைநிலை ஷாஃப்ட் ஒன்று உண்டு. அதைத் தாங்கும் பேரிங் உடைந்தால் முழு இன்ஜினும் பாழாகக்கூடும். எல்லாக் கார்களிலும் இது நடப்பதில்லை. நடந்தால் செலவு காரின் விலையையே நெருங்கிவிடலாம். ஆகவே அந்தப் பேரிங் மாற்றப்பட்டதற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றி அறுத்து, அதன் காகித மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். மினுமினுக்கும் உலோகத் துகள்கள் தென்பட்டால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். கிளட்ச் மாற்றும்போது கியர்பாக்ஸை எப்படியும் இறக்க வேண்டியிருப்பதால், பேரிங்கையும் அப்போதே மாற்றினால் ஒரே கூலியில் இரண்டு வேலையும் முடியும்.

எம்3 காரை லிஃப்டில் ஏற்றி, பின்பக்க சப்ஃபிரேம் (பின் அச்சைத் தாங்கும் சட்டம்) பொருந்தியிருக்கும் அடித்தளத் தகட்டில் விரிசல் உள்ளதா என்று பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் பின் அச்சு முழுவதையும் இறக்கி, வெல்டிங் செய்து, வலுவூட்டும் தகடுகள் பொருத்த வேண்டியிருக்கும். அதன் 3.2 லிட்டர் இன்ஜினுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் வால்வுக்கும் அதை இயக்கும் பாகத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சரிசெய்யும் வேலையும் உண்டு. முந்தைய உரிமையாளர் அதைத் தவறாமல் செய்தாரா என்பதை அவர் வாய்மொழியாகச் சொல்வதைவிட ரசீதுகளே நம்பகமாகச் சொல்லும். குறைவாக ஓடிய கார் என்பதற்காக மட்டும் மயங்கிவிடாதீர்கள். நீண்ட காலம் நின்ற காரில் ரப்பர் சீல்கள் காய்ந்துபோகும், டயரும் கெட்டிப்படும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது.

பணத்தைப் பொறுத்தவரை என் கணக்கு இதுதான். ஆறு மாத வீட்டுச் செலவுக்கான தொகையை முதலில் தனியாக வைத்துவிடுங்கள். காருக்காக அதைத் தொடக் கூடாது. மீதியில் நான்கில் ஒரு பங்கைப் பழுது நிதியாக ஒதுக்கிவிட்டு, எஞ்சியதற்குள் விலை அடங்கும் காரைப் பாருங்கள். அடங்கவில்லை என்றால் ஓராண்டு பொறுத்திருங்கள். அந்த ஓராண்டும், கடன் தவணையாகக் கட்ட நினைத்த தொகை, கூடுதல் பிரீமியம், மாதாந்தரப் பராமரிப்பு ஆகிய மூன்றையும் கூட்டி, மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். சிரமமில்லாமல் போட முடிந்தால், யானையைக் கட்டித் தீனி போட உங்கள் வருமானம் தாங்கும் என்று தெரிந்துவிடும். பழுது நிதியும் சேர்ந்திருக்கும். கடனை நான் தவிர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கார் பணிமனையில் கிடக்கும் மாதத்திலும் தவணை கட்டியாக வேண்டும், வேறு வாகனம் இல்லாத உங்களுக்கு அன்றாடம் வேலைக்குப் போகும் செலவும் அதே மாதத்தில் வந்து சேரும்.

காரைத் தேர்ந்தெடுத்த பிறகு, விற்பவருக்குத் தொடர்பில்லாத, அந்த வகைக் கார்களில் பழகிய மெக்கானிக்கிடம் கட்டணம் கொடுத்துச் சோதனை செய்யுங்கள். அவர் சுட்டிக்காட்டும் ஒவ்வொரு குறைக்கும் செலவு மதிப்பீட்டை எழுதி வாங்கி, அதை விலையில் கழிக்கும்படி கேளுங்கள். சோதனைக்கே சம்மதிக்காத விற்பனையாளரிடம், கார் எவ்வளவு அழகாக இருந்தாலும், முன்பணம் கொடுக்காதீர்கள்.