வாசகர் கேள்வி: வஞ்சிரம் வேண்டாமென்கிறாள் மகள்

கேள்வி: என் மகள் புதுச்சேரியில் பி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். இந்த செமஸ்டரில் விருப்பப் பாடமாக 'உணவு அரசியலும் அறமும்' என்று ஒன்றை எடுத்திருக்கிறாள். அவள் அப்பா கம்ப்யூட்டர் அக்கவுண்டிங் எடுக்கச் சொன்னார், கேட்கவில்லை. இப்போது தட்டில் எதை வைத்தாலும் இது எங்கிருந்து வந்தது, யாருக்கு என்ன கூலி என்று கேள்வி. போன ஞாயிறு ஆசையாக வஞ்சிரம் வறுத்தேன், "கடலைக் காலி பண்றோம்மா" என்று சொல்லிவிட்டுத் தயிர் சோறு சாப்பிட்டு எழுந்து போய்விட்டாள். பாடத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லலாமா?
– ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சொல்லாதீர்கள்மா. தயிர் எந்த மாட்டின் பால், அதன் கன்று என்ன குடித்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், இரண்டு நாள் வீடு அமைதியாக இருக்கும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்தப் பாடமே அப்படித்தான், ஒரு நூலை இழுத்தால் புடவை முழுக்க வந்துவிடும், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு முதல் நூல் கையில் கிடைத்த வேகம்.

முதலில் அப்பாவின் கவலை. இதைப் படித்து உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆக முடியாது, அதற்கு உணவுத் தொழில்நுட்பம், நுண்ணுயிரியல் மாதிரி அறிவியல் பட்டம் வேண்டும். ஆனால் சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வில் மூன்றாம் பொதுத் தாளில் ரேஷன் முறை, தானியக் கையிருப்பு, குறைந்தபட்ச ஆதரவு விலை எல்லாம் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன, நான்காம் தாள் முழுக்க அறவியல். இதைச் சொன்னால் பாதி சமாதானமாகிவிடுவார்.

இனி வஞ்சிரம். மகளை ஒருநாள் விடியற்காலை ஐந்தரைக்கு முதுநகர் துறைமுகத்துக்குக் கூட்டிப் போங்கள். ஏலம் போடுகிற இடத்தில் வஞ்சிரத்தையும் பாறை மீனையும் பார்த்துவிட்டு அப்படியே ஓரமாகப் போனால், இழுவலையில் சிக்கிய விரல் நீளப் பொடிமீன் ஈரத் தரையில் குவிந்து கிடக்கும், நசுங்கி, பாதிக்கு வயிறு வெடித்து. அதை யாரும் கூடையில் எடுக்க மாட்டார்கள். இந்த மாதிரிப் பொடிமீன்தான் லாரி ஏறி, மீன்மாவாகி, கோழித் தீவனத்தில் சேர்கிறது. வஞ்சிரத்தை ஒதுக்கிவிட்டு ஆம்லெட் சாப்பிட்டால் கடல் தப்பித்துவிடாது. இதை அங்கே நிற்கிற கூடைக்கார அம்மாவே அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்வார். அவர் ஏலத்தில் எடுத்த விலை என்ன, பத்து மணிக்கு மஞ்சக்குப்பத்தில் விற்ற விலை என்ன, நடுவில் ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் வட்டிக்கும் எவ்வளவு போனது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் சுருக்குவலை. நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் ஊருக்கு ஒரு நியாயம் கிடைக்கும். மத்திக் கூட்டத்தையே வளைத்து மொத்தமாக அள்ளுகிற வலை, எங்களுக்கு மிச்சமில்லை என்பது சிறு படகுக்காரர் பக்கம், கடன் வாங்கி வலை வாங்கிவிட்டோம், எங்கே போவது என்பது அடுத்த பக்கம். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும், திங்களும் வியாழனும் காலை 8 முதல் மாலை 6 வரை என்று நிபந்தனை போட்டு இடைக்கால அனுமதி கொடுத்தது. போய் வரவே அந்த நேரம் பத்தாது என்றார்கள் வலைக்காரர்கள். இதில் யார் பக்கம் அறம் என்று அவள் பாடம் சொல்லிக் கொடுத்தால் எனக்கும் ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தினமும் அவள் போகிற பஸ்ஸே நல்ல வகுப்பு. வழியில் புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடை என்றதும் சிலருக்குச் சாராயக் கடை ஞாபகம் வரும், நான் சொல்வது ரேஷன் கடை. எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம், மூட்டையாகவே கையில் வருகிறது. அந்தப் பக்கம், புதுச்சேரியில், 2015 செப்டம்பரில் தானியத்துக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் என்று ஆரம்பித்தார்கள். அரிசியாகவே கொடுப்போம் என்றது அப்போதைய அரசு, பணமாகக் கொடு என்றார் துணைநிலை ஆளுநர், வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய்ப் பணம் என்றே முடிந்தது. 2024 தீபாவளியை ஒட்டித்தான் அங்கே ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. பணம் கொடுத்தால் பிடித்த அரிசியை வாங்கிக்கொள்ளலாமே என்பதும் வாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடையில் அரிசி விலை ஏறினால் கணக்கில் விழுகிற தொகை கூடவே ஏறாது. புதுச்சேரிப் பக்கத்துப் பாகூரில் என் சித்தி இருக்கிறார். பாஸ்புக் சித்தி பெயரில், போன் சித்தப்பா சட்டைப்பையில். பணம் விழுந்த மெசேஜ் யாருக்கு முதலில் தெரியும் என்று நான் சொல்ல வேண்டுமா? மூட்டை வந்தால் நேராகச் சமையலறைக்குப் போகும்.

வங்காளத்தில் 1943இல் இருபது முப்பது லட்சம் பேர் செத்த பஞ்சத்தைப் பற்றிப் பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் இதைத்தான் வேறு விதமாகச் சொன்னார். நாட்டில் அரிசி எவ்வளவு இருந்தது என்பதைவிட, அதை வாங்கும் சக்தி யாரிடம் இல்லாமல் போனது என்று பார்க்கச் சொன்னார். உங்கள் மகளின் பாடத்தில் அவர் கட்டாயம் வருவார்.

மீனை மட்டும் வற்புறுத்தாதீர்கள். வறுத்து மூடி வையுங்கள், ராத்திரி பத்து மணிக்குத் தட்டு காலியாக இருந்தால் கேள்வி கேட்காதீர்கள்.

கேள்வி: நானும் இதே மாதிரி பாடம் எடுத்திருக்கிறேன். ப்ராஜெக்டுக்கு வடலூர் தருமசாலை பற்றி எழுதுகிறேன் என்றால், அது பக்தி, அரசியல் இல்லை என்கிறார் சார். என்ன சொல்வது?
– மாணவர், குறிஞ்சிப்பாடி

பதில்: தம்பி, சாரிடம் இரண்டு வருஷங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். 1867 மே 23, வள்ளலார் தருமசாலையைத் தொடங்கிய நாள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரிசாவிலிருந்து நம் கரை வரை பஞ்சம். பந்தியில் யார் எங்கே உட்காரலாம் என்று சாதி தீர்மானித்த காலத்தில், பசித்து வந்தவன் யார் என்று கேட்காமல் சோறு போட்ட இடம் அது, அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அடுத்தது 1877. சென்னை மாகாணத்துப் பெரும் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க ஆங்கில அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் உத்தரவு போட்டார். நம் கணக்கில் சுமார் 450 கிராம், அதை வைத்துக்கொண்டு உடலுழைப்பு. மாகாணத்துச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது பத்தாது என்று சண்டையே போட்டார். பசித்தவனுக்குச் சோறு போட நிபந்தனை உண்டா, இல்லையா? இது அரசியல் இல்லையென்றால் எது அரசியல் என்று பணிவாகக் கேளுங்கள், மதிப்பெண் அவர் கையில் இருக்கிறது.

ஒரு சிக்கலையும் மறைக்காமல் எழுதுங்கள். வள்ளலார் புலால் மறுத்தவர். தேவனாம்பட்டினத்து மீனவரை அந்த ஜீவகாருண்யத்தில் எங்கே வைப்பது? வாய்மொழித் தேர்வில் இதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: தடைக்காலத்தில் மீன் வாங்குவது தவறா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: இல்லைங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை நம் கரையின் விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் போய் வருகின்றன. கேரளத்தில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் மே மாதம் அங்கிருந்தும் ஐஸ் லாரியில் வரும். அதை "இன்னைக்குக் காலையில புடிச்சது" என்று உங்களிடம் விற்றால், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.